மாத்திரை இலவசம், கிளினிக் நாள்?



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 28ஆம் திகதி உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூச் புளும்பேர்க் என்ற விஞ்ஞானி பிறந்த நாள் அது. சம்பளம், வீடு, காணி என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இம்முறை ஓர் ஈரல் நோயைப் பற்றி எழுதுகிறோம். சங்கப் பத்திரிகைக்கும் ஈரல் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி நோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. பெரும்பாலானோருக்கு அது நாளைக்கு ஒரு மாத்திரை மட்டுமே. அரச வைத்தியசாலையில் வைத்தியம் பார்க்கக் காசு கேட்பதில்லை. ஆனால் அங்கே போய்வரும் நாளுக்கு நமக்குப் பேர் விழாது. மாத்திரை இலவசம், மாத்திரை எடுக்கப் போகும் நாள் இலவசமில்லை. இந்த இடத்தில்தான் நமது மக்களின் வைத்தியம் பாதியில் அறுந்து போகிறது. ஆகவே இது வைத்தியரோடு மட்டும் முடிகிற விடயமல்ல, சங்கத்தின் விடயமும்தான்.

துண்டில் எழுதியிருப்பது என்ன?

இந்த நோய் இருப்பது பலருக்குப் பல காலம் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வழமை போலக் கொழுந்து எடுக்கலாம், மலைக்குப் போகலாம். இரத்த தானம் கொடுத்த பிறகு இரத்த வங்கி கூப்பிட்டுச் சொல்லும்போது, சத்திரசிகிச்சைக்கு முன்னர் இரத்தம் பார்க்கும்போது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக மெடிக்கல் எடுக்கும்போதுதான் தெரிய வருகிறது.

மெடிக்கலில் தெரிய வருகிறவர்களின் நிலைமைதான் மிக மோசம். வளைகுடா நாடுகள் கேட்கும் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருந்தால் ‘அன்பிட்’ என்று துண்டு கொடுத்துவிடுகிறார்கள். கடன் வாங்கிப் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளை அந்தத் துண்டோடு லயத்துக்குத் திரும்புகிறாள். என்ன நோய், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இப்படியான துண்டுகள் எமது காரியாலயத்துக்கும் வந்திருக்கின்றன. ‘இன்னும் எத்தனை மாதம் இருப்பேன்?’ என்று கேட்டவர்களும் உண்டு. ‘இரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று சொன்னவர்களிடம் நகையை அடகு வைத்துக் காசு கொடுத்தவர்களும் உண்டு.

அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ‘அன்பிட்’ என்பது விசாவுக்கான பதில். உங்கள் உயிருக்கான பதில் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வேலை செய்து, பிள்ளை வளர்த்து, முதுமை காண்கிறார்கள். அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 11 இலட்சம் பேர் என்பதும் உண்மை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம், காலத்தோடு பரிசோதனையும் வைத்தியமும் கிடைத்ததா என்பதுதான்.

நாட்பட்டது என்றால்?

வைரஸ் உடலுக்குள் வந்த எல்லோருக்கும் நோய் தங்கிவிடுவதில்லை. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால், நூற்றுக்கு 95 பேரின் உடல் தானாகவே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளிலோ, தடுப்பூசி போடாவிட்டால், நூற்றுக்கு 90 பேரில் தங்கிவிடும். 6 மாதம் கழித்தும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற பரிசோதனை ‘பொசிட்டிவ்’ என்றே வந்தால் அதை நாட்பட்ட நோய் என்கிறார்கள்.

இப்படித் தங்கிய வைரஸ் சிலருக்குச் சும்மா கிடக்கும். சிலருக்கு ஈரலில் மெல்ல மெல்ல வடு உண்டாக்கி, ஈரலை இறுகச் செய்யும். அதுதான் சிரோசிஸ். அங்கிருந்து ஈரல் புற்றுநோய்க்கும் போகலாம். யாருக்கு எப்படிப் போகிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண் மஞ்சளாகவில்லை என்பதற்காக ஈரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரத்தமும் ஸ்கேனும்தான் சொல்லும்.

அதனால் முதல் கிளினிக்கில் மாத்திரை தராமல் பரிசோதனைக்கு எழுதினால் யாரும் கோபிக்க வேண்டாம். வைத்தியர் மூன்று விடயங்களைப் பார்க்கிறார். ஈரல் காயப்படுகிறதா என்பதை ஏ.எல்.டி. என்ற இரத்தப் பரிசோதனை காட்டும். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை டி.என்.ஏ. பரிசோதனை காட்டும். ஈரலில் வடு விழுந்திருக்கிறதா என்பதை ஸ்கேனும் வேறு சில இரத்தக் கணக்குகளும் காட்டும். டி.என்.ஏ. பரிசோதனை சிறிய ஆஸ்பத்திரிகளில் செய்யப்படுவதில்லை. பெரிய ஆய்வுகூடத்துக்கு இரத்தம் போய்வர நாள் எடுக்கும். அந்தக் காலத்தில் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

யாருக்கு மருந்து, என்ன மருந்து?

நோய் உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை. ஈரலில் வடு கூடியவர்கள், சிரோசிஸ் உள்ளவர்கள், வைரஸும் ஏ.எல்.டி.யும் உயர்ந்திருப்பவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டி, முன்பை விட அதிகமானவர்களுக்கு மருந்து தொடங்கச் சொல்கிறது. குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்திருந்தால் அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை கிடைக்காத இடத்தில், ஏ.எல்.டி. தொடர்ந்து கூடியே இருந்தால் அதை வைத்தும் தொடங்கலாம் என்கிறது. எனவே உங்கள் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ ஈரல் நோயால் இறந்திருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ‘குடித்துச் செத்தார்’ என்று நாம் நினைத்திருப்பவர்களில் சிலருக்கு இந்த நோயும் இருந்திருக்கலாம்.

இன்று முதலில் கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று டெனோபோவிர், நாளைக்கு 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. நெடுங்காலம் எடுத்தாலும் இதற்கு வைரஸ் பழகிப்போவது மிக அரிது. சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் இடைக்கிடை இரத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் அதைச் சொல்ல வேண்டும். இதே மாத்திரை எச்.ஐ.வி. நோய்க்கும் பயன்படுகிறது. பெட்டியில் உள்ள பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘அவருக்கு எயிட்ஸாம்’ என்று கதை கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஒரு மருந்து இரண்டு நோய்க்கு உதவும், அவ்வளவுதான்.

மற்றது என்டெகாவிர். வழமையாக 0.5 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று. இதை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சாப்பிட்டு 2 மணித்தியாலம் கழித்து எடுத்து, பிறகு 2 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விடியற்காலையிலேயே ரொட்டியும் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு பிரட்டுக்கு ஓடும் நமது பெண்களுக்கு, இரவு படுக்கப்போகும் நேரம் பொருத்தமாக இருக்கலாம். வைத்தியரிடம் கேட்டு ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கொடுப்பதில்லை. பிள்ளை பெற எண்ணியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டெனோபோவிரின் புதிய வகையொன்றும் உண்டு. 25 மில்லிகிராம் மாத்திரை. சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் பாதிப்புக் குறைவு. பெக்-இன்டர்பெரோன் என்பது ஊசி. வாரம் ஒன்று வீதம் 48 வாரம் போட வேண்டும். மாத்திரையைப் போல ஆண்டுக்கணக்கில் இல்லாமல் ஒரு காலத்தோடு முடியும் என்பது அதன் நன்மை. ஆனால் காய்ச்சல், உடல் உளைச்சல், மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் அதிகம், பலன் கிடைப்பதும் ஒரு பகுதியினருக்கு மட்டுமே. ஈரல் மிகவும் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடக்கூடாது. முன்னர் அதிகம் கொடுக்கப்பட்ட லாமிவுடின் மாத்திரைக்கு, 5 ஆண்டுக்குள் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் வைரஸ் பழகிப்போனது. ஆகவே பழைய துண்டை வைத்துக்கொண்டு பார்மசியில் அதையே வாங்கிக் குடிக்கிறவர்கள் இருந்தால், மீண்டும் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நிறுத்தினால் என்ன?

இந்த மாத்திரைகள் வைரஸை அடக்குகின்றன, பெரும்பாலும் முற்றாக அழிப்பதில்லை. மேலே புல்லை வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கிற மாதிரி, ஈரலின் உயிரணுக்களுக்குள் வைரஸின் வித்துக் கிடக்கிறது. வெட்டிக்கொண்டே இருந்தால் அது தலை தூக்காது. விட்டால் எழும்பும். அப்படி எழும்பும்போது சிலருக்கு ஈரல் திடீரென்று செயலிழந்து உயிரே போயிருக்கிறது. ‘இப்போது நன்றாக இருக்கிறேன், மாத்திரை எதற்கு?’ என்று நிறுத்துவது இந்த நோயில் மிக ஆபத்தான காரியம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியர் மட்டுமே.

தொடர்ந்து எடுத்தால் கிடைக்கும் பலன் சிறியதல்ல. 2013இல் வெளியான ஆய்வொன்றில், சிரோசிஸ் இருந்த 96 பேர் 5 ஆண்டுகள் டெனோபோவிர் எடுத்த பின்னர், 71 பேரின் ஈரலில் சிரோசிஸ் என்று சொல்லும் நிலை நீங்கியிருந்தது. இறுகிய ஈரலும் இளகும். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் விடாத மாத்திரை வேண்டும். புற்றுநோய் ஆபத்து குறைந்தாலும் அடியோடு போய்விடாது. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத வீடில்லை. அதை யாரும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேலே சொன்ன புளும்பேர்க்கோடு சேர்ந்து, 1988இல் கீழாநெல்லி குடித்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்தில் மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நமது பாட்டிமார் கொடுத்த மூலிகையை நாம் இழிவாகப் பேசவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்கிறோம். அடுத்தது சாராயமும் கசிப்பும். நோய்பட்ட ஈரலுக்கு இதில் ‘கொஞ்சம்’ என்ற கணக்கே கிடையாது.

தாய்க்கும் வீட்டாருக்கும்

இந்த நோய் இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. சவர பிளேட், பல் தூரிகை, ஊசி, திருவிழாவில் அலகு குத்தும் கம்பி ஆகியவற்றை ஒருவர் பாவித்த பின் மற்றவர் பாவிக்கக் கூடாது. ஒரே கோப்பையில் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதாலோ, பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பதாலோ பரவாது. தனிக் கோப்பையின் வலி நமது சமூகத்துக்குப் புதிதல்ல. அதை நமது லயத்துக்குள் நாமே திரும்பக் கொண்டுவரக் கூடாது.

நோயுள்ள தாய் பிள்ளை பெறலாம், பால் கொடுக்கலாம். கர்ப்பம் தெரிந்தவுடனே குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். வைரஸ் மிக அதிகமாக உள்ள தாய்க்குக் கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் டெனோபோவிர் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். அதோடு சேர்த்துப் பாதுகாப்பு ஊசி இன்னொன்றும் உண்டு. இதனால்தான் வீட்டிலோ வழியிலோ பிரசவம் நடக்க விடாமல் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறோம்.

நமது நாட்டில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003இல் தொடங்கியது. இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஊசிக்குள்ளேயே அது இருக்கிறது. அதற்கு முன்னர் பிறந்தவர்கள், அதாவது இன்று மலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர், குழந்தையில் இதைப் பெறவில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இரத்தம் பார்த்து, இல்லாதவர்கள் மூன்று ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளின் விலை

இனி அந்த நாளுக்கு வருவோம். கிளினிக் உள்ள நாளில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே இறங்க வேண்டும். இலக்கம் எடுக்க வரிசை, வைத்தியரைக் காண வரிசை, மருந்துக்கு வரிசை. மீண்டும் மலை ஏறும்போது பின்னேரமாகிவிடும். அன்று அரைப்பேர் கூடக் கிடையாது. நாட்கூலி போகிறது, அன்றைய சேமலாப நிதிப் பங்கும் போகிறது, பஸ் காசும் செலவாகிறது. மாத்திரை பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே தரப்படுகிறது. ஆண்டுக்கு 12 நாள், அதோடு ஸ்கேன் நாளும் இரத்தம் கொடுக்கும் நாளும் சேரும். நோயாளிக்குத் துணைக்குப் போகிறவருக்கும் இதே இழப்பு. பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் மாதத்தில், எந்த வலியும் இல்லாத நோய்க்காக ஒரு தாய் எந்த நாளைத் தியாகம் செய்வாள் என்று நமக்குத் தெரியும். அவள் கிளினிக்கைத்தான் விடுவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2021இல் கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்த பிறகு சம்பளம் சம்பள நிர்ணய சபையின் ஊடாகவே தீர்மானிக்கப்படுகிறது. சம்பளத் தொகையைப் பற்றி மட்டும் பேசிக் கலையும் மேசையில், நோயாளித் தொழிலாளியின் நாளைப் பற்றியும் பேச வேண்டும். நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று, நாட்பட்ட நோய்க்குக் கிளினிக் போகும் நாளை, கிளினிக் கொப்பியைக் காட்டினால், முழுப் பேராகக் கணக்கிட வேண்டும். கொப்பியின் திகதியைப் பார்த்தால் போதும், நோயின் பெயரைக் கேட்கக் கூடாது.

இரண்டு, நோய் அடங்கிய நிலையில் உள்ளவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் எடுக்க வழி செய்ய வேண்டும். இதை மாகாண சுகாதார அதிகாரிகளிடம் கேட்கிறோம்.

மூன்று, தமிழில் விளக்கம் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டிய மாத்திரையைப் புரியாத மொழியில் சொல்லி அனுப்பினால், அது சொன்னதாகாது.

நான்கு, தோட்ட டிஸ்பென்சரியில் உள்ள நோய்க் குறிப்புகள் துரையின் மேசைக்குப் போகக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

ஐந்து, நோயாளியின் வீட்டாருக்குத் தடுப்பூசியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து போட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கை கட்டி இருக்கப் போவதில்லை. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதமே சில வேலைகளைச் செய்யலாம். ‘அன்பிட்’ துண்டோடு வருகிறவர்களை ஏஜென்சிக்காரரிடம் திருப்பி அனுப்பாமல், அரச ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எடுத்துக் கொடுங்கள். பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களோடு, சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளையைத் துணைக்கு அனுப்புங்கள். மழைக்காலத்தில் பாதை மூடப்படும் தோட்டங்களில், மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே நினைவூட்டுங்கள். கிளினிக் போனதற்காகப் பேர் வெட்டப்பட்டவர்கள் திகதியோடு எமது மாவட்டக் காரியாலயத்தில் பதியுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நமக்கு அந்தக் கணக்கு வேண்டும். யாருடைய நோயையும் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசாதீர்கள்.

நோயுள்ள தோழர்களுக்கும் தோழியர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், இந்த நோய் இருப்பதைச் சொல்லுங்கள். சில மருந்துகள் தூங்கும் வைரஸை எழுப்பிவிடும். இரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு வீங்குதல், புத்தி தடுமாறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். அதை எடுக்கப் போகும் நாளுக்கான கூலியைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் பொறுப்பு.